ஊர் சுற்றிக்கொண்டே வேலை, ஊரை விடாமலும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

நான் மென்பொருள் நிறுவனங்களுக்குப் பயனர் கையேடு எழுதிக் கொடுக்கிறேன். எல்லாம் வெளிநாட்டு நிறுவனங்கள், எனக்கென்று ஆபீஸ் கிடையாது. வருடத்தில் சில மாதம் ஏதாவது ஒரு வெளியூரில் அறை எடுத்துத் தங்கி வேலை பார்ப்பேன். மீதி மாதங்கள் ஈரோடு மாவட்டம் அரச்சலூர் பக்கம் எங்கள் தோட்டத்துச் சாளையில், அதாவது தோட்டத்து வீட்டில். இப்படி இருப்பவர்களை டிஜிட்டல் நாடோடி என்கிறார்கள்.

கல்யாணப் பந்தியில், ஈரோடு பஸ்ஸில், வாட்ஸப்பில் என்று எங்கே போனாலும் ஒரே கேள்விகள்தான் வருகின்றன. ஒறம்பரைகள் (உறவினர்கள்) கேட்பது, கல்லூரி ஜூனியர்கள் கேட்பது, தோட்டம் விலைக்கு வருமா என்று பார்க்க வருகிறவர்கள் கேட்பது, எல்லாவற்றையும் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே போட்டிருக்கிறேன். முன்னால் சொன்னதைத் திரும்பச் சொல்லவில்லை, எந்தக் கேள்வியில் இருக்கிறது என்று மட்டும் காட்டியிருக்கிறேன்.

1. ஏங்கண்ணு, கம்பெனிக்கே போகாம ஊரு ஊராச் சுத்தறயே, உனக்குச் சம்பளம் எவன் குடுக்கறான்?

அம்முச்சியின் (அம்மாவின் அம்மா) கேள்வி. கம்பெனி இருக்கிறது, அதன் கட்டடம்தான் எனக்குத் தேவைப்படவில்லை. எழுதியதை இணையத்தில் அனுப்புகிறேன். அவர்கள் டாலரில் அனுப்புவதை இங்கே என் வங்கி ரூபாயாக்கிக் கணக்கில் வரவு வைக்கிறது. மின்சாரமும் நல்ல இணையமும் ஒரு மேசையும் இருந்தால் வேலை நடக்கும்.

அம்முச்சிக்கு இதெல்லாம் எடுபடவில்லை என்பதால் திருச்செங்கோட்டு ரிக் வண்டிகளைச் சொன்னேன். போர் போடும் வண்டியோடு மத்தியப் பிரதேசம், சத்தீஸ்கர் என்று கிளம்பிப் போய், மாதக்கணக்கில் வண்டியிலேயே சமைத்துச் சாப்பிட்டு, மழைக்கு வேலை குறையும்போது ஊர் திரும்புகிறார்கள். நாமக்கல், சங்ககிரி லாரிக்காரர்களும் அப்படித்தான். "அவங்களையெல்லாம் யாராச்சும் நாடோடிங்கறாங்களா?" என்று கேட்டேன். "அவன் வண்டி வெச்சிருக்கறான், நீ என்னத்த வெச்சிருக்கற?" என்றார். லேப்டாப்பைத் தூக்கிக் காட்டினேன். அவர் முகத்தில் திருப்தி தெரியவில்லை.

2. இதுக்கும் டூர் போறதுக்கும் என்ன வித்தியாசம்?

டூர் போனவர் திங்கட்கிழமை காலையில் ஒன்பது மணிக்கு மேசையில் உட்கார வேண்டியதில்லை. நான் உட்கார வேண்டும். போன ஊர்களில் பாதி இடங்களைச் சனி, ஞாயிறில்தான் பார்த்திருக்கிறேன். சில ஊர்களில் பார்க்க வேண்டியதைப் பார்க்காமலே திரும்பியதும் உண்டு. ஆனால் அந்த ஊரில் துணி வெளுக்கக் கொடுக்கிற இடம், பல்வலிக்குப் போகிற டாக்டர், கரண்ட் எப்போது போகும் என்பதெல்லாம் தெரியும்.

3. அக்கா, ஆரம்பிக்கறதுக்கு எந்த ஊர் நல்லது? நேரா பாலிக்கே போயிரலாமா?

முதலில் கோத்தகிரியிலோ ஏற்காட்டிலோ ஒரு மாதம் இருந்து பாருங்கள். வீட்டை விட்டு இருந்தால் வேலை ஓடுகிறதா, தனியாகச் சாப்பிட முடிகிறதா என்பது அங்கேயே தெரிந்துவிடும். பிடிக்கவில்லை என்றால் பஸ் ஏறினால் வீடு. நீலகிரிக்கும் கொடைக்கானலுக்கும் வெளியூர் வண்டியில் போவதென்றால் 2024 மே மாதத்திலிருந்து இ-பாஸ் எடுக்க வேண்டும், இணையத்திலேயே கிடைக்கும். வால்பாறையைத் தென்மேற்குப் பருவமழைக் காலத்தில் தேர்ந்தெடுக்காதீர்கள். அங்கே ஜூன், ஜூலையில் பெய்கிற மழைக்கு முதலில் கரண்ட் போகும், அப்புறம் இணையம் போகும், கடைசியில் உங்கள் பொறுமையும் போகும்.

அறைக்கு முன்பணம் கட்டும் முன் அந்த அறையின் இணைய வேகத்தைச் சோதித்த படத்தை அனுப்பச் சொல்லுங்கள். "வைஃபை இருக்கு" என்று சொல்வது எதற்கும் உத்தரவாதம் இல்லை. வரவேற்பறையில் நன்றாக வரும், உங்கள் அறைக்கு வராது. இரண்டு வெவ்வேறு நிறுவனங்களின் சிம் கையில் இருப்பது நல்லது.

வெளிநாடு என்றால் நேரக் கணக்குப் போடுங்கள். நியூயார்க்கில் காலை 9 மணி என்றால் நமக்குக் கோடையில் மாலை 6.30, குளிர்காலத்தில் 7.30. மார்ச்சிலும் நவம்பரிலும் அவர்கள் கடிகாரத்தை மாற்றுவதால் இந்த ஒரு மணி நேரம் ஏறி இறங்கும். பாலி நம்மைவிட இரண்டரை மணி நேரம் முன்னால் இருக்கிறது, அதாவது அமெரிக்கக் கம்பெனிக்கு வேலை பார்த்தால் அங்கே உங்கள் பொழுது இரவு 9 மணிக்கோ 10 மணிக்கோதான் தொடங்கும். கடற்கரைப் படம் போடுகிறவர்கள் இதைச் சொல்ல மாட்டார்கள். லண்டன் கம்பெனி என்றால் பிரச்சினை குறைவு.

4. டூரிஸ்ட் விசாவுல போயி ரூம்ல உக்காந்து லேப்டாப்பத் தட்டுனா எவன் கேக்கப் போறான்?

பெரும்பாலும் கேட்க மாட்டார்கள்தான். கேட்டால் மாட்டிக்கொள்வது நீங்கள். சுற்றுலா விசாவில் வேலை பார்க்கக் கூடாது என்று பல நாடுகளில் விதி இருக்கிறது, வெளிநாட்டுக் கம்பெனிக்கு ஆன்லைனில் பார்ப்பது அதில் சேருமா என்பது நாட்டுக்கு நாடு மாறும். 2020இல் எஸ்டோனியா, பார்படோஸ் போன்ற நாடுகள் இதற்கென்றே தனி விசா கொண்டுவந்தன. அப்புறம் பல நாடுகள் தொடர்ந்தன.

நமக்குப் பக்கத்தில் இரண்டு. மலேசியாவின் 'டி ரந்தாவ்' அனுமதி 3 முதல் 12 மாதம் வரை கிடைக்கும், மேலும் 12 மாதம் நீட்டிக்கலாம். தொழில்நுட்ப வேலை என்றால் வருட வருமானம் 24,000 டாலருக்கு மேல் இருக்க வேண்டும், மற்ற வேலைகளுக்கு 60,000 டாலர். தாய்லாந்து 2024 ஜூலையில் 'டி.டி.வி.' என்ற விசாவைத் தொடங்கியது. 5 வருடத்துக்குச் செல்லும், ஒருமுறை போனால் 180 நாள் வரை இருக்கலாம், வங்கியில் 5 லட்சம் பாட் இருப்பைக் காட்ட வேண்டும். இந்தோனேசியாவின் தொலைவேலை விசாவுக்கு வருடம் 60,000 டாலர் வருமானம் கேட்கிறார்கள், பாலிக் கனவு பலருக்கு அங்கேயே முடிந்துவிடும். விதிகள் மாறிக்கொண்டே இருக்கும். விண்ணப்பிக்கும் வாரத்தில் அந்தந்தத் தூதரகப் பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள், நான் எழுதியதை மட்டும் நம்பி டிக்கெட் போடாதீர்கள்.

5. சோத்துக்கு என்னதான் பண்ணுவீங்க?

குக்கர் ஒன்று எடுத்துப் போவேன். அரிசிம்பருப்புக்கு வேண்டிய அரிசியும் துவரம்பருப்பும் எங்கும் கிடைக்கிறது. வரமிளகாய், சின்ன வெங்காயம், ஒரு தேங்காய்த் துண்டு இருந்தால் போதும். கொள்ளு மட்டும் இங்கிருந்து வறுத்துப் போகும். மற்ற வேளைகளில் அந்த ஊர்ச் சாப்பாடு. இந்தக் கேள்விக்கு இதற்கு மேல் பதில் இல்லை, ஆனால் எல்லாரும் முதலில் கேட்பது இதைத்தான்.

6. ஊர்ல இருக்கறப்பவும் ராத்திரி பூரா மீட்டிங்குலதான் இருக்கற. அப்ப வந்தும் வராத மாதிரிதானே?

சித்தி கேட்டது. நியாயமான கேள்வி, கொஞ்சம் வலிக்கவும் செய்தது. தோட்டத்தில் மாலை 6.30 என்பது மாடு கட்டி, பால் ஊற்றிவிட்டு வந்து, வாசலில் கட்டில் போட்டு உட்காரும் நேரம். யார் வீட்டில் என்ன என்பதெல்லாம் அந்தக் கட்டிலில்தான் பேசப்படும். சரியாக அந்த நேரத்தில் நான் உள்ளறையில் கதவைச் சாத்திக்கொண்டு சிகாகோவோடு பேசிக்கொண்டிருப்பேன். உடம்பு சாளையில், காது வேறெங்கோ. தூரத்து ஊரில் இருப்பதைவிட இது மோசம். வெளியூரில் இருப்பவரிடம் யாரும் எதையும் எதிர்பார்ப்பதில்லை.

அதனால் ஊரில் இருக்கும் மாதங்களில் முடிந்தவரை ஐரோப்பிய வேலைகளை எடுத்துக்கொள்கிறேன். லண்டனில் காலை 9 மணி நமக்கு மதியம் 1.30, குளிர்காலத்தில் 2.30. முக்கியமான பேச்சை முன்னேரத்திலேயே முடித்துக்கொண்டால் பொழுது சாய மேசையை விட்டு எழுந்துவிடலாம். பணம் கொஞ்சம் குறைகிறது. எந்த நாட்டில் இருக்கிறோம் என்பதைவிட எந்த நாட்டின் கடிகாரத்தில் இருக்கிறோம் என்பதுதான் முக்கியம் என்று இந்த வேலைக்கு வருகிற எல்லாரிடமும் சொல்கிறேன். யாரும் முதலில் கேட்பதில்லை.

7. ஒரு ஊர்ல எத்தன நாள் இருந்தாக்கா, அது நம்ம ஊரு மாதிரி ஆகும்?

நாள் கணக்கில் பதில் இல்லை. அந்த ஊர் உங்களிடம் எதையாவது கேட்கத் தொடங்கினால் ஆகிவிட்டது என்று அர்த்தம்.

பினாங்கை எடுத்துக்கொள்ளுங்கள். ஜார்ஜ்டவுனில் தமிழ் பேசியே காலம் தள்ளலாம். இட்லி கிடைக்கிறது என்பதால் அது என் ஊர் ஆகிவிடவில்லை. தைப்பூசத்துக்கு நம் பக்கம் பழனிக்குக் காவடி நடந்து போகிற அதே நாட்களில், அங்கே தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போகும் வழியெல்லாம் தண்ணீர்ப் பந்தல் போடுவார்கள். நான் பூ வாங்கும் கடைக்கார அம்மா தாம் சேர்ந்திருந்த பந்தலுக்கு வெங்காயம் உரிக்கக் கூப்பிட்டார். மூட்டை மூட்டையாகப் பெரிய வெங்காயம். நான் தோலை உரித்துவிட்டு அடிக்காம்பைத் தனியாக வெட்டிக்கொண்டிருந்தேன். "அப்படி வெட்டினா விடிஞ்சிடும்மா, முதல்ல ரெண்டா போடு" என்று கையிலிருந்து வாங்கிக் காட்டினார். முதலில் இரண்டாக வெட்டினால் தோல் தானாகவே கழன்று வருகிறது. மறுநாள் நான் போகவில்லை. சாயங்காலம் போன் வந்தது: "ஏன் வரல? ஆள் பத்தலன்னு தெரியும்ல?" கோபமாகத்தான் கேட்டார். அந்த ஊரில் என்னிடம் ஒருவர் உரிமையோடு கோபித்துக்கொண்டது அதுதான் முதல் தடவை.

இதற்கு எதிர்ப்பக்கம் சியாங் மாய். வட தாய்லாந்தில் இருக்கும் அந்த ஊர் உலகம் முழுக்க டிஜிட்டல் நாடோடிகளுக்குப் பேர் போனது. பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை சுற்றுவட்டாரத்தில் வயல் தாளையும் காட்டுச் சருகையும் எரிக்கும் புகை அந்தப் பள்ளத்தாக்கில் தேங்கி நிற்கும். மூச்சு முட்டும், எதிரில் இருக்கும் மலை தெரியாது. அந்த மாதங்களில் லேப்டாப்காரர்கள் கூட்டமாகக் கிளம்பித் தெற்கே கடற்கரைக்குப் போய்விடுவார்கள். கடை வைத்திருப்பவர்கள், பள்ளிக்கூடப் பிள்ளைகள், கிழவர்கள் அங்கேயே இருப்பார்கள். போகிறவர்களைத் தப்பு சொல்லவில்லை, நுரையீரல் எல்லாருக்கும் ஒன்றுதான். ஆனால் கெட்ட மாதத்தில் ஒருமுறைகூட இல்லாமல் "எனக்கு அந்த ஊர் நல்லாத் தெரியும்" என்று சொல்ல முடியாது. ஆடி மாதம் பாலக்காட்டுக் கணவாய் வழியே அடிக்கிற காற்றில் பல்லடம், உடுமலைப் பக்கம் ஒரு மாதம் இருந்து கண்ணில் மண் விழாதவர், அந்தப் பக்கத்தைத் தெரியும் என்று சொன்னால் நாம் ஒத்துக்கொள்வோமா?

ஆக, அடிக்கடி ஊர் மாற்றாதீர்கள். மாதத்துக்கு ஒரு ஊர் என்று ஓடுகிறவர்களுக்கு எல்லா ஊரும் ஒரே காப்பிக் கடையாகத்தான் தெரியும். விசா விடுகிற வரைக்கும் ஒரே இடத்தில், முடிந்தால் அடுத்த வருடமும் அதே வீட்டில்.

8. உங்கள மாதிரி ஆளுங்க போயித்தான் அங்கெல்லாம் வாடகை ஏறுதாமா?

ஏறுகிறது. லிஸ்பனில் வீட்டு வாடகை உள்ளூர்க்காரர்கள் கைக்கு எட்டாமல் போய்விட்டது என்று தெருவில் இறங்கிப் போராடினார்கள். அதற்குச் சுற்றுலா, முதலீடு என்று வேறு காரணங்களும் உண்டு, ஆனால் டாலரில் சம்பாதித்து உள்ளூர்க் காசில் செலவழிக்கும் எங்கள் கூட்டத்துக்கும் அதில் பங்கு இருக்கிறது. கோயம்புத்தூரில் வெளியூர்க்காரர்கள் வந்து வாடகை ஏறிவிட்டது என்று குறைபடும் நாமே இன்னொரு ஊரில் அந்த வெளியூர்க்காரர்.

நான் செய்வது சின்ன விஷயம்தான். நாள் வாடகை ஆப்பில் முழு வீடு எடுப்பதில்லை, வீட்டுக்காரர் குடியிருக்கும் வீட்டிலேயே ஓர் அறையை மாத வாடகைக்கு எடுப்பேன். கேட்ட வாடகை நமக்கு மலிவாகத் தெரிந்தாலும் "பரவாயில்லைங்க, எச்சாவே வெச்சுக்கோங்க" என்று தாராளம் காட்டக் கூடாது. அடுத்து வரும் உள்ளூர்க்காரருக்கு அதுதான் விலை ஆகிவிடும்.

9. நோம்பிக்காச்சும் வருவயா, இல்ல அதுவும் போன்லதானா?

எங்கள் ஊர் மாரியம்மன் நோம்பிக்கு (திருவிழாவுக்கு) முன்கூட்டியே தேதி கிடையாது. ஊர்க்கூட்டம் போட்டு, எந்தச் செவ்வாய்க்கிழமை பூச்சாட்டு, அதாவது நோம்பித் தொடக்கம் என்று முடிவு செய்வார்கள். அங்கிருந்து பதினைந்து நாளில் பொங்கல். இரண்டு மாதம் முன்னால் விமான டிக்கெட் போட்டால்தான் விலை கட்டும் என்று இருக்கிறவர்களுக்கு இது பெரிய சோதனை. தலைவருக்குப் போன் போட்டு "தேதி வெச்சாச்சுங்களா?" என்று கேட்டால், "கூட்டம் போடலாம்னு இருக்கறோம்" என்பார். அதை வைத்து எந்த விமானக் கம்பெனியும் சீட்டு கொடுக்காது. தோராயமாக அந்த மாதம் முழுவதையும் ஊருக்கென்று ஒதுக்கிவிடுவதுதான் வழி.

இன்னொன்று, கம்பம் நட்டுவிட்டால் ஊர்க்காரர்கள் வெளியூரில் ராத்தங்கக் கூடாது. ஈரோட்டுக்கோ காங்கேயத்துக்கோ பகலில் போய்விட்டுப் பொழுதோடு திரும்பிவிடலாம். ஏற்கெனவே வெளிநாட்டில் இருப்பவருக்கு இந்தக் கட்டுப்பாடு உண்டா என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வரும். பெரியப்பாவின் தீர்ப்பு: "கம்பத்துக்கு முந்தியே போனவங்களுக்கு இல்ல. வந்துட்டயின்னா முடியற வரைக்கும் நகரக் கூடாது." அதாவது, எட்டிப் பார்த்துவிட்டுப் போகிற வேலை ஆகாது. வந்தால் முழுதாக வர வேண்டும்.

கம்பம் என்பது கோயில் முன்னால் நடும் மூன்று கவட்டை உள்ள மரம், மஞ்சள் பூசி வேப்பிலை சுற்றியிருக்கும். விடிய நாலு மணிக்கெல்லாம் பெண்கள் தலைக்குக் குளித்து ஈரத்துணியோடு குடத்தில் தண்ணீர் கொண்டுபோய் ஊற்றுவோம். வரிசை மெதுவாக நகரும். முன்னால் நிற்பவர் திரும்பிப் பார்த்து, "எப்பக் கண்ணு வந்த? இளைச்சுப் போயிட்ட" என்பார். பின்னால் நிற்பவர், "எளைக்கல, கறுத்துருச்சு" என்று திருத்துவார். ஒரு வருடக் கதையும் கோயிலுக்குப் போய்ச் சேர்வதற்குள் கேட்டாகிவிடும். ராத்திரி கம்பத்தாட்டத்துக்கு மேளம் அடிக்கும்போது நான் மைக்கை அணைத்துவிட்டுத்தான் மீட்டிங்கில் உட்கார்ந்திருப்பேன். ஒருமுறை அணைக்கும் முன் மேளம் கேட்டுவிட்டது. என்ன சத்தம் என்று கேட்டார்கள், சொன்னேன், அன்றைக்கு மீட்டிங்கைச் சீக்கிரமே முடித்துவிட்டார்கள்.

வரியும் உண்டு. தலைக்கட்டுக்கு (குடும்பத்துக்கு) இவ்வளவு என்று ஊரில் போடுவார்கள். அப்பா பேரில் எங்கள் வீட்டு வரி போய்விடும். நான் சம்பாதிக்கிறேன், என் பேரிலும் போடுங்கள் என்று கேட்டேன். கல்யாணம் ஆகாத பெண்ணுக்குத் தனித் தலைக்கட்டு கிடையாதாம், நன்கொடை என்று எழுதிக்கொள்கிறோம் என்றார்கள். நன்கொடை விருப்பப்பட்டவர் தருவது, வரி ஊரார் தருவது. இந்த வித்தியாசத்தை இன்னும் விடாமல் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

10. மொய்யி ஜிபேல போட்டர்ற, சரி. எளவுக்கு என்ன பண்ணுவ?

மொய்க்கு இப்போதெல்லாம் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. நோட்டில் பேர் ஏறினால் போதும். ஆனால் நெருங்கிய ஒறம்பரைக் கல்யாணத்தில் சீருக்கு நிற்க வேண்டிய ஆள் நின்றாக வேண்டும், அதற்கு ஆப் கிடையாது.

சாவுதான் நிஜமான பரீட்சை. நம் பக்கம் காலையில் இறந்தால் பெரும்பாலும் மாலைக்குள் எடுத்துவிடுவார்கள். எந்த நாட்டிலிருந்து கிளம்பினாலும் முகம் பார்க்கக் கிடைக்காமல் போகலாம், இதை முன்கூட்டியே மனதுக்குச் சொல்லிவைக்க வேண்டும். அதனால் நான் ஊரைத் தேர்ந்தெடுக்கும்போது பார்ப்பது ஒன்றே ஒன்று: கோயம்புத்தூருக்கு ஒரே விமானத்தில், மிஞ்சினால் ஒரு மாற்றத்தில் வந்துவிட முடியுமா? கோயம்புத்தூர் பீளமேடு விமான நிலையத்திலிருந்து சிங்கப்பூர், சார்ஜா, அபுதாபிக்கு நேரடி விமானங்கள் உண்டு. சிங்கப்பூரிலிருந்து நாலரை மணி நேரத்துக்குள் இறங்கிவிடலாம். பினாங்கு எனக்குப் பிடித்துப்போனதற்குத் தைப்பூசம் மட்டும் காரணமல்ல. லத்தீன் அமெரிக்கா மலிவு, அழகு என்றெல்லாம் சொல்கிறார்கள். அம்முச்சி இருக்கிறவரை அந்தப் பக்கம் போவதாக இல்லை.

அவசர டிக்கெட்டுக்கான பணத்தைத் தனிக் கணக்கில் வைத்திருங்கள், வேறு எதற்கும் தொடாதீர்கள். எளவுக்கு வர முடியாமல் போனால் அடுத்த முறை ஊருக்கு வந்தவுடன், பெட்டியைப் பிரிக்கும் முன்பே அந்த வீட்டுக்குப் போய் உட்கார்ந்துவிட்டு வாருங்கள். ஆறு மாதம் கழித்துப் போனாலும் ஏற்றுக்கொள்வார்கள். போகாமலே விட்டால் ஏற்றுக்கொள்ள மாட்டார்கள்.

11. ஓட்டு, பேங்க், போன் நெம்பரு இதெல்லாம் என்ன ஆகும்?

தற்காலிகமாக வெளியே இருப்பதால் மட்டும் வாக்காளர் பட்டியலில் இருக்கும் உரிமை போகாது. வெளிநாட்டில் தங்கிவிட்ட இந்தியக் குடிமக்களுக்குப் படிவம் 6ஏ தனியாக இருக்கிறது, ஆனால் ஓட்டை நேரில் வந்துதான் போட வேண்டும். 2025 நவம்பரில் தமிழ்நாட்டில் வாக்காளர் பட்டியலின் சிறப்புத் தீவிரத் திருத்தம் தொடங்கி வீடு வீடாகப் படிவம் கொடுத்தபோது, வெளியே இருந்தவர்களுக்காக வீட்டில் இருந்த பெரியவர்கள் கையெழுத்துப் போட்டுக் கொடுக்க முடிந்தது. வீட்டில் ஆள் இல்லாதவர்கள்தான் அலைந்தார்கள். பட்டியலில் பேர் இருக்கிறதா என்று அவ்வப்போது இணையத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

இந்திய சிம்மை உயிரோடு வைத்திருங்கள், வங்கி ஓ.டி.பி. எல்லாம் அதற்குத்தான் வரும். கிளம்பும் முன் ரோமிங்கை இயக்கிக் குறுஞ்செய்தி வருகிறதா என்று சோதித்துவிடுங்கள்.

12. பாதி வருசம் வெளிய இருந்தா என்.ஆர்.ஐ. ஆயிருவீங்க, வரியே கட்ட வேண்டாம்னு ஒருத்தர் சொன்னாருங்களே?

அந்த ஒருத்தர் எல்லா ஊரிலும் இருக்கிறார். நிதியாண்டில் 182 நாள் அல்லது அதற்கு மேல் இந்தியாவில் இருந்தால் நீங்கள் இங்கே குடியிருப்பவர். அது மட்டும் என்று நினைத்துத்தான் பலர் கணக்குப் போடுகிறார்கள். அந்த ஆண்டில் 60 நாளும், முந்தைய நான்கு ஆண்டுகளில் மொத்தம் 365 நாளும் இங்கே இருந்தாலும் குடியிருப்பவர்தான். வெளிநாட்டு வேலைக்குக் கிளம்பிப் போகிறவர்களுக்கும் வெளிநாட்டில் குடியிருந்து ஊர் பார்க்க வருகிறவர்களுக்கும் இதில் சலுகைகள் உண்டு, ஆனால் சொந்தத் தொழிலாக ஊர் ஊராகச் சுற்றுகிறவருக்கு அது பொருந்துமா என்பது ஆடிட்டரிடம் கேட்க வேண்டிய விஷயம். குடியிருப்பவர் என்றால் உலகத்தில் எங்கே சம்பாதித்தாலும் இங்கே கணக்குக் காட்ட வேண்டும். பாஸ்போர்ட் முத்திரைகளைப் படம் எடுத்துத் தேதிவாரியாக வைத்திருங்கள்.

போகிற நாட்டிலும் அதிக நாள் இருந்தால் அங்கே வரி வரலாம். 7ஆம் கேள்வியில் ஒரே இடத்தில் நீண்ட நாள் இருக்கச் சொன்னேன், அதற்கு இந்த விலை உண்டு. வேர் பிடிக்க ஆரம்பிக்கும் நேரத்தில் வரி அலுவலகமும் நம்மைக் கண்டுகொள்ளும்.

13. இப்படிச் சுத்தற புள்ளைய எந்த மாப்பிள்ளை ஊட்ல கட்டுவாங்க?

அடுத்த கேள்வி.

14. அப்பா அம்மாவத் தோட்டத்துல தனியா உட்டுட்டுப் போறயே, பயமா இல்லியா?

பயமாகத்தான் இருக்கிறது. 2024 நவம்பரில் பல்லடம் பக்கமும், 2025இல் எங்களுக்கு அக்கத்தில் இருக்கும் சிவகிரி பக்கமும் தோட்டத்து வீடுகளில் இருந்த வயதானவர்கள் கொல்லப்பட்டார்கள். அதற்குப் பிறகு கொங்கில் தோட்டத்துச் சாளையில் குடியிருக்கும் எந்த வீட்டிலும் பழைய நிம்மதி இல்லை. ஒரு சாளைக்கும் அடுத்த சாளைக்கும் நடுவில் ஒரு காடு தூரம், எங்கள் பக்கம் வயலைத்தான் காடு என்போம். கூப்பிட்டால் கேட்காது.

கேமரா மாட்டினோம், எல்லாரும் மாட்டினார்கள். பினாங்கில் இருந்துகொண்டு போனில் வாசலைப் பார்க்க முடிகிறது. வேலியோரம் ஏதோ அசைந்தால் எனக்குச் சத்தம் வரும். ஆனால் சத்தம் வந்து நான் என்ன செய்வது? பத்து நிமிடத்தில் அங்கே போய் நிற்கக்கூடிய ஒருவரின் நம்பர்தான் வேண்டும். அப்படி மூன்று வீட்டு நம்பர்களை வைத்திருக்கிறேன், அந்தக் கேமரா அவர்கள் போனிலும் தெரிகிறது. அவர்கள் வீட்டுக் கேமரா என் போனில் தெரிகிறது. அவர்கள் பிள்ளைகளில் ஒருவர் துபாயில், ஒருவர் பெங்களூரில். ராத்திரி வேலை பார்க்கிற நான்தான் பெரும்பாலும் விழித்திருப்பேன், அதனால் நாலு வீட்டையும் பார்த்துக்கொண்டிருப்பது என் பொறுப்பு ஆகிவிட்டது. ஒருநாள் பக்கத்துத் தோட்டத்தில் பட்டிப் படல் திறந்து ஆடுகள் வெளியே போவதைப் பார்த்துவிட்டு பினாங்கிலிருந்து போன் அடித்து எழுப்பினேன். ராத்திரி ஷிப்டுக்கு ஊரில் கிடைத்த முதல் மரியாதை அது.

நகரத்துக்குக் கூட்டிப் போய் அபார்ட்மெண்டில் வைத்துவிடலாமே என்றும் கேட்கிறார்கள். மாடு இருக்கும்வரை அவர்கள் வர மாட்டார்கள். மாடு இல்லாமல் அவர்களால் இருக்கவும் முடியாது. உங்கள் வீட்டில் யாரும் இப்படி முறைவைத்துப் பார்த்துக்கொள்ள ஆள் இல்லை என்றால், நீங்கள் இந்த வேலைமுறையைக் கொஞ்சம் தள்ளிப்போடுவதே நல்லது. இதை நான் எல்லாருக்கும் பரிந்துரைக்கவில்லை.

15. எங்கிருந்து வேணாலும் வேலை பாக்கறீங்க. அப்புறம் இந்தத் தோட்டத்த எதுக்குங்க வெச்சிருக்கறீங்க? நல்ல வெல வருது, குடுத்தர்லாம்ல?

கேட்டவர் நிலத் தரகர், நல்ல மனிதர், வருடத்துக்கு ஒருமுறை வருவார். கணக்குப் பார்த்தால் அவர் சொல்வதில் தவறில்லை. விவசாயத்தில் வருவதைவிட அந்தப் பணத்தை வங்கியில் போட்டால் வட்டி அதிகம்.

எங்கள் காட்டுக்குக் கீழ்பவானி வாய்க்கால் தண்ணீர் பாய்கிறது. மொத்தம் 2,07,000 ஏக்கர் பாசனம், பாதிக்கு ஒரு போகம், மறுபாதிக்கு அடுத்த போகம் என்று முறைவைத்து விடுவார்கள். மதகில் தண்ணீர் வந்தபிறகு யார் காட்டுக்கு எத்தனை மணிக்கு என்பது எங்களுக்குள் பேசிக்கொள்வது. முறை நடு ராத்திரியில் வந்தால் நடு ராத்திரியில்தான் மடை திருப்ப வேண்டும். தண்ணீர் விடும் காலத்தில் ஊரில் இருந்தால் அப்பாவுக்குப் பதிலாக நான் போவேன், எப்படியும் விழித்திருப்பவள்தானே. மண்வெட்டியால் ஒரு பக்கம் அடைத்து மறுபக்கம் வெட்டிவிட்டு, தண்ணீர் கடைசி வரப்பைத் தொடும்வரை டார்ச்சோடு நிற்க வேண்டும். கால் மணி நேரம் தாமதமானால் கீழ்க்காட்டுக்காரர் போனில் கூப்பிடுவார், மரியாதையாகத்தான் ஆரம்பிப்பார். தோட்டத்தை விற்றால் இந்தப் போன் எனக்கு வராது. 7ஆம் கேள்வியில் வெங்காயப் பந்தலைப் பற்றிச் சொன்னதுதான் இங்கேயும்.

தவிர, கிணற்றில் எங்களுக்குப் பாதிதான் பங்கு. மறுபாதி பெரியப்பாவுக்கு. காட்டை விற்றால் கிணற்றுப் பங்கும் சேர்ந்து போகும், அதனால் யார் வாங்கினாலும் அவரோடு ஒரே கிணற்றில் மோட்டார் ஓட்ட வேண்டும். போன முறை தரகரை அவரிடமே அனுப்பிவைத்தேன். மோர் கொடுத்து, ஒரு மணி நேரம் உட்காரவைத்து, கிணறு வெட்டிய கதையை முழுக்கச் சொல்லி அனுப்பினாராம். விலையைப் பற்றிப் பேச்சே வரவில்லை என்றார் தரகர்.